எமில் துர்கைம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகச் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வேலை முடிந்து வந்து ஆர்வத்தில் புத்தகம் புரட்டுகிறவர்கள் என்று எல்லோரும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கைடுகளில் அவர் நான்கு வரையறைகளாகவும் இரண்டு மதிப்பெண் விடைகளாகவும் சுருங்கிவிட்டார். எனக்கு அது வருத்தம். மனிதர்களை மனிதர்களோடு சேர்த்துக் கட்டிவைப்பது எது என்ற ஒரே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அவர். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

துர்கைமா, டர்க்ஹைமா, டேர்க்கேமா? எப்படி எழுதுவது?

தமிழில் எல்லா வடிவங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும்போது கடைசி அசை ‘கெம்’ என்பது போலக் கேட்கும். நான் பழக்கத்தால் ‘துர்கைம்’ என்று எழுதுகிறேன். தேர்வில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதிவிடுங்கள்.

சமூகவியலின் தந்தை ஒகஸ்ட் கோம்ட் என்றல்லவா படித்தோம்? துர்கைம் எப்படி நிறுவனர் ஆகிறார்?

‘சமூகவியல்’ என்ற பெயரைப் பரப்பியவர் கோம்ட். அவர் இறந்தது 1857இல். துர்கைம் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். கோம்ட் ஒரு பெரிய கனவைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கனவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம், ஆய்வு முறை, ஓர் இதழ், ஒரு மாணவர் படை என்று எல்லாவற்றையும் உண்டாக்கிக் கொடுத்தவர் துர்கைம். 1887இல் போர்தோ பல்கலைக்கழகம் அவரைச் சமூக அறிவியலும் கல்வியியலும் கற்பிக்க நியமித்தது. பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் சமூகவியல் முறையாக நுழைந்தது அந்த வழியில்தான். 1898இல் ‘லானே சோசியோலோஜிக்’ என்ற ஆண்டிதழைத் தொடங்கினார். உலகம் முழுக்க வரும் ஆய்வுகளைப் படித்து, வகைப்படுத்தி, மதிப்புரை எழுதும் ஒரு பட்டறையாக அது இயங்கியது. மார்செல் மோஸ், ஹென்றி ஹ்யூபர், செலஸ்தான் பூக்லே, ரொபேர் ஹெர்ட்ஸ், மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் எல்லோரும் அங்கே உழைத்தவர்கள்தான். ஒரு துறை நிலைக்கத் தனி மேதை ஒருவர் மட்டும் போதாது, சேர்ந்து உழைக்க ஆட்கள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்ன கொள்கையே அதுதானே!

அவருடைய குடும்பம், இளமைக்காலம் பற்றிச் சொல்ல முடியுமா?

பிரான்சின் கிழக்கே, லொரேன் பகுதியில் எப்பினால் என்ற ஊரில் 1858 ஏப்ரல் 15 அன்று பிறந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோருமே யூத மதகுருக்கள். சம்பளம் குறைவு என்பதால் அம்மா பூத்தையல் பட்டறை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். மகனும் மதகுரு ஆவான் என்பதுதான் வீட்டின் எதிர்பார்ப்பு. இளம் வயதிலேயே அவர் அந்தப் பாதையை விட்டு விலகினார். நம்பிக்கையும் மெல்ல உதிர்ந்தது. ஆனாலும் வீட்டின் கட்டுப்பாடும் கடமை உணர்வும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

அவருக்கு 12 வயதானபோது, 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரஷ்யப் படை எப்பினாலுக்குள் வந்தது. பிரான்ஸ் தோற்றது. அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் கைவிட்டுப் போயின. தோல்விக்குப் பழி போட ஆள் தேடியபோது, பலருடைய விரல் யூதர்களை நோக்கி நீண்டது. ஒரு சமூகம் அடிபட்டு வலிக்கும்போது தன் நடுவிலேயே ஒரு பலியாளைத் தேடும் என்று பிற்பாடு அவர் எழுதினார். பன்னிரண்டு வயதில் கண்ணால் பார்த்ததைத்தான் அங்கே எழுதுகிறார்.

படிப்பிலும் அவருக்கு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பாரிசின் எக்கோல் நோர்மால் சுப்பீரியர் என்ற உயர்கல்வி நிறுவனத்துக்கான நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை, 1879இல்தான் உள்ளே போனார். பிற்காலத்தில் சோஷலிசத் தலைவரான ழான் ழொரேஸும் தத்துவவாதி பெர்க்சனும் அங்கே அவர் காலத்தில் படித்தவர்கள். 1882இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியபோது, பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். தேர்வில் தோற்றுவிட்டு என் முன்னால் தலை குனிந்து உட்காரும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

‘சமூக உண்மை’ என்றால் என்ன? ஒரு எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

1895இல் வந்த ‘சமூகவியல் முறையின் விதிகள்’ நூலின் முதல் அத்தியாயமே இதுதான். நாம் செய்வது, நினைப்பது, உணர்வது எல்லாம் நமக்குள்ளேயே பிறந்தவை என்று நம்புகிறோம். அப்படி இல்லாதவை ஏராளம் என்கிறார் துர்கைம். நான் பேசும் மொழி நான் உண்டாக்கியது இல்லை. சட்டைப்பையில் இருக்கும் நாணயமும் அப்படித்தான். அண்ணனாக, கணவனாக, குடிமகனாக நான் செய்யும் கடமைகள் நான் பிறப்பதற்கு முன்பே எழுதிவைக்கப்பட்டவை. இவற்றுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. தனி ஆளுக்கு வெளியே இருக்கும். தனி ஆளின் மேல் அழுத்தம் கொடுக்கும். அழுத்தம் நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், நாம் அதை எதிர்த்துப் பார்க்காததுதான்.

வகுப்பில் நான் சொல்வது மொய் நோட்டு. கல்யாண மண்டப வாசலில் ஒரு மேசை, அதில் நீள நோட்டு, பேனாவோடு பங்காளி ஒருவர். ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறார். மொய் வைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் போன வருடம் உங்கள் வீட்டுக் காதுகுத்தில் ஐந்நூறு வைத்தவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சும்மா திரும்பி வந்து பாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். இருந்தாலும் மண்டபத்தைத் தாண்டும் வரைக்கும் முதுகில் ஏதோ குத்தும். துர்கைம் காட்டும் அழுத்தம் அதுதான்.

‘சமூக உண்மைகளைப் பொருள்களாகக் கருதுங்கள்’ என்ற அவருடைய வாக்கியத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குடும்பமும் கல் மாதிரி ஜடப்பொருள் என்று அவர் சொல்லவில்லை. ‘குடும்பம் என்றால் எனக்குத் தெரியாதா, நானே அதில்தானே இருக்கிறேன்’ என்ற நினைப்பை வாசலில் விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஒன்றை ஆராய்வதுபோல வெளியிலிருந்து பாருங்கள் என்கிறார்.

இயந்திர ஒருமைப்பாடு, உயிர்ம ஒருமைப்பாடு: இரண்டும் குழப்புகிறதே?

பெயர்கள்தான் குழப்புகின்றன, விஷயம் எளிது. 1893இல் முனைவர் பட்டத்துக்காக எழுதிய ‘சமூகத்தில் உழைப்புப் பிரிவினை’யில் இது வருகிறது. ஒரே வேலை, ஒரே சாமி, ஒரே மாதிரி வாழ்க்கை உள்ள சிறு சமூகங்களில் மனிதர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதால் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது இயந்திர ஒருமைப்பாடு. மக்கள்தொகை பெருகி, ஆளுக்கொரு தொழிலாகப் பிரிந்தபின், வேறுபட்டிருப்பதால் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்கள். உடம்பில் இதயமும் நுரையீரலும் வேறு வேறாக இருந்தும் ஒன்றில்லாமல் மற்றொன்று இயங்காது அல்லவா, அதனால் இது உயிர்ம ஒருமைப்பாடு.

எனக்குப் பிடித்தது, இதை அவர் அளக்க முயன்ற விதம். ஒருமைப்பாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. சட்டத்தைப் பார்க்கலாம். பழைய சட்டங்கள் பெரும்பாலும் தண்டிப்பவை. குற்றம் செய்தவன் எல்லோருடைய மனதையும் புண்படுத்திவிட்டான் என்று அடிப்பவை. ஒப்பந்தச் சட்டம், வணிகச் சட்டம் போன்றவை இழப்பைச் சரிக்கட்டுபவை: வாங்கியதைத் திருப்பிக் கொடு, தாமதத்துக்கு ஈடு கொடு. முதல் வகை குறைந்து இரண்டாம் வகை கூடினால் ஒட்டுதலின் தன்மை மாறுகிறது என்று பொருள். மிகப் பழைய சமூகங்களிலும் ஈடு கொடுத்துத் தீர்க்கும் வழக்கம் நிறைய இருந்தது என்று பின்னால் வந்த மானுடவியலாளர்கள் காட்டினார்கள். ஆக, அவர் வரைந்த கோடு அவ்வளவு நேரானது இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாததை அளக்கக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைத் தேடு என்ற பாடம் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் சாதியும் ஒரு ‘உழைப்புப் பிரிவினை’தான் என்று துர்கைம் நியாயப்படுத்துவாரா?

மாட்டார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பெயரைச் சொல்லி இப்படி வாதிடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதே நூலின் கடைசிப் பகுதியில் ‘கட்டாய உழைப்புப் பிரிவினை’ என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. வர்க்கமும் சாதியும் வேலையைப் பிரித்துத்தான் தருகின்றன, ஆனால் பிறப்பைப் பார்த்துத் தருகின்றன. ஆளின் திறமைக்கும் அவன் தலையில் கட்டப்பட்ட வேலைக்கும் பொருத்தம் இல்லாதபோது அங்கே ஒருமைப்பாடு பிறக்காது, பகைதான் பிறக்கும் என்கிறார். பிறவியிலேயே பணக்காரன் ஏழை என்று இருக்கும்வரை நியாயமான ஒப்பந்தமே சாத்தியமில்லை என்றும் எழுதுகிறார். சாதி என்பது உழைப்பின் பிரிவினை மட்டும் அல்ல, உழைப்பாளர்களின் பிரிவினை என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். துர்கைம் நூலகத்தில் உட்கார்ந்து கோட்பாடாக எழுதினார். அம்பேத்கர் அதை அனுபவித்தவர். அவர் எழுத்தில் உள்ள கூர்மை துர்கைமிடம் கிடையாது.

தற்கொலையைப் பற்றி ஏன் ஒரு புத்தகமே எழுதினார்?

எல்லோரும் இதைத் தனி மனிதனின் அந்தரங்கமான, உள்ளத்துக்குள் நடக்கும் முடிவு என்றுதான் நினைத்தார்கள். அதிலும்கூடச் சமூகத்தின் கை இருக்கிறது என்று காட்டிவிட்டால் சமூகவியலுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. அது ஒரு காரணம். இன்னொன்று, எக்கோல் நோர்மாலில் அவருக்கு விக்டர் ஒம்மே என்று ஒரு நெருங்கிய நண்பர் இருந்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒம்மே 1886இல் இறந்துபோனார். அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதியவர் துர்கைம்தான். அந்த நண்பனின் சாவு இந்தப் புத்தகத்துக்கு அடியில் கிடக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நூல் 1897இல் வந்தது. பிரெஞ்சு நீதி அமைச்சகத்தின் குற்றப் புள்ளிவிவரப் பிரிவில் இருந்த சுமார் 26,000 பேருடைய பதிவுகளை அக்கா மகன் மார்செல் மோஸ் ஒவ்வொன்றாக எடுத்து, வயது, ஆணா பெண்ணா, மணமானவரா, குழந்தை உண்டா என்று பிரித்து அட்டவணை போட்டுக் கொடுத்தார். கணினி இல்லாத காலம். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பையன் அத்தனை மரணங்களையும் கையால் எண்ணி வரிசைப்படுத்தியதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோப்புகளைப் பார்க்க அனுமதி கொடுத்தவர் அந்தப் பிரிவின் தலைவரான கப்ரியேல் தார்த். அவர் துர்கைமின் கொள்கைக்கு நேர் எதிரி. சமூகம் என்பது ஆளைப் பார்த்து ஆள் செய்யும் போலச்செய்தல்தான் என்பது தார்த்தின் கட்சி. துர்கைம் புத்தகத்திலேயே அவரை விமரிசித்தார், முன்னுரையில் நன்றியும் சொன்னார்.

எண்கள் சொன்னது இதுதான். ஒரு நாட்டின் தற்கொலை விகிதம் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. புராட்டஸ்டன்டுகளிடம் கூடுதல், கத்தோலிக்கர்களிடம் குறைவு. தனித்து வாழ்கிறவர்களிடம் கூடுதல், குழந்தை குட்டியோடு இருக்கிறவர்களிடம் குறைவு. போர்க்காலத்தில் குறைகிறது. பலர் நினைப்பதுபோல இருண்ட குளிர்காலத்தில் கூடுவதில்லை, கோடையில்தான் கூடுகிறது. பகல் நீண்டு சமூக வாழ்க்கை வேகமெடுக்கும் மாதங்கள் அவை என்று அதற்குக் காரணம் சொன்னார்.

இதிலிருந்து வகைகள் வந்தன. ஒட்டுதல் குறைந்து மனிதன் தனித்துவிடப்படும்போது நேர்வது தன்முனைப்பு வகை. ஒட்டுதல் அளவுக்கு மீறி, குழுவுக்காகத் தன் உயிரையே ஒன்றுமில்லை என்று நினைக்கும்போது நேர்வது பொதுநல வகை; இந்தியாவின் உடன்கட்டையை இதற்குத்தான் எடுத்துக்காட்டுகிறார். பழைய விதிகள் உடைந்து புதியவை உண்டாகாத நிலையில், ஆசைக்கு அணை இல்லாமல் போகும்போது நேர்வது நெறியின்மை வகை, அதாவது அனோமி. பொருளாதாரம் சரியும்போது மட்டும் இல்லை, திடீரென்று செல்வம் கொழிக்கும்போதும் இது கூடுகிறது என்று அவர் காட்டியது பலரைத் திகைக்க வைத்தது. நான்காவதான விதிவச வகை ஒரே ஒரு அடிக்குறிப்பில்தான் வருகிறது. விதிகள் மூச்சுமுட்ட நெரிக்கும்போது, எதிர்காலம் எல்லாம் அடைபட்டுப்போன அடிமைகள், பிள்ளையில்லாத மனைவியர் போன்றவர்களுக்கு நேர்வது என்கிறார். இது இன்றைக்கு முக்கியமில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் செய்த பெரிய தவறுகளில் இதையும் சேர்ப்பேன். நெரிக்கும் வீடுகளில் சிக்கிய பெண்களைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அந்த அடிக்குறிப்புதான்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது உங்களுக்கே மனம் கனத்தால், தயவுசெய்து யாரிடமாவது பேசுங்கள். தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

குற்றம் இயல்பானது என்று சொன்னாராமே?

சொன்னார். நல்லது என்று சொல்லவில்லை. குற்றமே இல்லாத சமூகம் எங்கேயும் கிடையாது, ஆகவே அது நோய் அல்ல என்பது வாதம். மகான்கள் மட்டும் வாழும் ஒரு மடத்தைக் கற்பனை செய்யச் சொல்கிறார். அங்கே கொலை களவு இருக்காது. ஆனால் நமக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு சின்னத் தவறு அங்கே பெரும் பாவமாகிவிடும். தவிர, இன்றைக்குக் குற்றம் என்று தண்டிக்கப்படுவது நாளைய அறமாகவும் இருக்கலாம். ஏதென்ஸ் சாக்ரடீசைத் தண்டித்ததை நினைவூட்டுகிறார்.

சமூகம் சமூகம் என்று பேசியவர், தனி மனித உரிமைக்கு எதிரானவரா?

இது அவர்மேல் விழுந்த மிகப் பெரிய பழி. பதில் 1898இல் இருக்கிறது. ஆல்பிரெட் திரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகப் பொய்க் குற்றம் சாட்டி, 1894இல் தண்டித்திருந்தார்கள். அவர் நிரபராதி என்று தெரிந்த பிறகும், ராணுவத்தின் மானம் போய்விடும், நாடு குலைந்துவிடும் என்று ஒரு கூட்டம் வாதாடியது. எழுத்தாளர் புருனத்தியேர், தனிமனிதவாதம் பேசும் அறிவாளிகள் நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று எழுதினார்.

அதற்குப் பதிலாகத் துர்கைம் 1898இல் எழுதிய கட்டுரையை ஒவ்வொரு வருடமும் திரும்பப் படிக்கிறேன். நவீன சமூகத்தில் மதம், தொழில், வாழ்க்கை எல்லாமே ஆளுக்கு ஆள் வேறுபட்டுவிட்டன. நமக்குள் பொதுவாக மிஞ்சியிருப்பது நாம் எல்லோரும் மனிதர்கள் என்பது மட்டும்தான். ஆகவே மனிதனின் மதிப்பே இன்றைய சமூகத்தின் புனிதப் பொருள். ஒரு நிரபராதியைப் பலி கொடுத்து நாட்டைக் காப்பாற்ற முடியாது, பலி கொடுத்தால் நாட்டைச் சேர்த்துப் பிடிக்கும் கயிறே அறுந்துபோகும். இதுதான் அவர் வாதத்தின் சாரம். போர்தோவில் மனித உரிமைக் கழகத்தின் கிளைக்கு அவர் செயலாளராகவும் இருந்தார். திரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 1906இல்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மதத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

நிறையச் சொன்னார், மரியாதையோடும் சொன்னார். 1912இல் வந்த ‘மத வாழ்க்கையின் அடிப்படை வடிவங்கள்’ அவருடைய நூல்களில் ஆழமானது என்பது என் எண்ணம். எந்த மதமும் வெறும் ஏமாற்று அல்ல என்று தொடங்குகிறார். ஆயிரக்கணக்கான வருடங்கள் மனிதர்களைத் தாங்கிய ஒன்று வெறும் பொய்யின் மேல் நிற்க முடியாது. கடவுளை வைத்து மதத்தை வரையறுக்கவும் முடியாது, பௌத்தம் இருக்கிறதே என்கிறார். உலகத்தைப் புனிதம், சாதாரணம் என்று இரண்டாகப் பிரிப்பதும், அந்தப் புனிதத்தைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்வதும்தான் மதம்.

நடு ஆஸ்திரேலியாவின் அருண்டா முதலிய பழங்குடி மக்களைப் பற்றி ஸ்பென்சர், கில்லன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய பதிவுகளை வைத்து இதை விளக்குகிறார். வருடத்தில் பெரும்பகுதி சின்னச் சின்னக் குழுக்களாகச் சிதறி, உணவு தேடி அலைகிறார்கள். அப்புறம் ஒரு நாள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஆட்டம், பாட்டு, தீப்பந்தம், இரவெல்லாம் முழக்கம். தன்னைவிடப் பெரிய ஒரு சக்தி தன்னைத் தூக்கிச் செல்வதை ஒவ்வொருவரும் உணர்கிறார்கள். அந்தச் சக்தி உண்மையானது. அது கூடியிருக்கும் சமூகம்தான். ஆனால் அவர்கள் கண் எதிரே தெரிவது குலச்சின்னம், ஆகவே சக்தி அதில் இருப்பதாக எண்ணுகிறார்கள். கொடிக்காக உயிரைக் கொடுக்கும் சிப்பாய்க்கு அது ஒரு துண்டுத் துணி என்பது நினைவில் இருப்பதில்லை என்று அவரே ஒப்பிடுகிறார். இந்த அனுபவத்துக்குக் கூட்டுக் கொந்தளிப்பு என்று பெயர்.

அதே நூலில் துக்கச் சடங்கு பற்றி ஒரு பகுதி வருகிறது. துக்கம் காப்பது என்பது இழப்பால் காயம்பட்ட தனி மனதின் தானான வெளிப்பாடு அல்ல, குழு விதிக்கும் கடமை என்கிறார். இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் என் பெரியம்மா இறந்த வீட்டை நினைத்துக்கொண்டேன். பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு அத்தை வந்து இறங்கியதும், அதுவரை காபி டம்ளரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்தவரின் தோளில் கைபோட்டு ஒப்பாரி எடுத்தார்கள். பத்து நிமிடம். பின் மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘எந்த வண்டியில வந்தே, சாப்டியா?’ என்று கேட்டார்கள். சின்ன வயதில் அதை நடிப்பு என்று நினைத்தேன். துர்கைமைப் படித்த பிறகுதான் அந்த அழுகை பொய்யில்லை என்று புரிந்தது. ஒரு ஆள் குறைந்துபோன கூட்டம், இன்னும் நாம் கூட்டம்தான் என்று தோளோடு தோள் சேர்த்துத் தனக்கே உறுதி சொல்லிக்கொள்கிறது. வந்து சேர்ந்தவரைத் தனியே அழ விடுவதில்லை.

அவருடைய கடைசி வருடங்கள் எப்படி இருந்தன?

1902இல் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். பெயரும் செல்வாக்கும் உச்சத்தில் இருந்த நேரத்தில் 1914 வந்தது. ஜூலை 31 அன்று நண்பர் ழொரேஸைச் சுட்டுக் கொன்றார்கள். போர் வெடித்தது. ஆண்டிதழில் எழுதிய இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகக் களத்தில் விழுந்தார்கள். அவர்களில் மிகத் திறமையானவரான ஹெர்ட்ஸ் 1915 ஏப்ரலில் இறந்தார். அந்த வருடக் கடைசியில், மொழியியல் படித்துக்கொண்டிருந்த ஒரே மகன் ஆந்திரே பால்கன் களத்தில் காணாமல் போனார். வாரக்கணக்கில் செய்தி இல்லை. இறந்துவிட்டார் என்று உறுதியானது பிறகுதான்.

துக்கத்தைக் கூட்டமாகச் சேர்ந்து கடக்கிறார்கள் என்று எழுதியவர், மகனைப் பற்றித் தன்னிடம் பேச வேண்டாம் என்று நெருங்கியவர்களிடம் கேட்டுக்கொண்டார். இரவு பகலாக வேலையில் மூழ்கினார். அந்த நேரத்திலும் ஒரு செனட் உறுப்பினர் அவரை வெளிநாட்டு வம்சம், ஜெர்மனியின் ஆள் என்று மன்றத்தில் தாக்கிப் பேசினார். மகனை அந்த நாட்டுக்காகப் பறிகொடுத்த தகப்பனைப் பார்த்து! 1916இன் இறுதியில் பக்கவாதம் வந்தது. கொஞ்சம் தேறி, அறத்தைப் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதத் தொடங்கினார். அது முடியவில்லை. 1917 நவம்பர் 15 அன்று, 59 வயதில் காலமானார். பாரிசின் மோன்பர்னாஸ் கல்லறையில் இருக்கிறார்.

மார்க்ஸ், வேபர் இருவரோடும் அவருக்கு என்ன உறவு?

மார்க்ஸ் முந்தைய தலைமுறை. சோஷலிசத்தின் மேல் துர்கைமுக்கு அனுதாபம் உண்டு, வர்க்கப் போரில் நம்பிக்கை இல்லை. தொழில்வாரிச் சங்கங்கள் மூலம் பொருளாதாரத்துக்கு அறக்கட்டுப்பாடு கொண்டுவரலாம் என்று நம்பினார். ஜெர்மன் சமூகவியலாளர் வேபர் சமகாலத்தவர், ஆறு வயது இளையவர். ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து நாடுகளில், மதத்தையும் நவீன வாழ்க்கையையும் பற்றி எழுதிய இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவே இல்லை.

அவர்மேல் வரும் முக்கியமான விமரிசனங்கள் எவை?

முதலில், பெண்கள். திருமணம் ஆண்களைக் காக்கும் அளவுக்குப் பெண்களைக் காக்கவில்லை என்று அவருடைய அட்டவணைகளே காட்டின. அதைக் கண்டுபிடித்தவர், காரணம் சொல்லும்போது பெண்களின் மனவாழ்க்கை அவ்வளவு வளரவில்லை என்று எழுதினார். எண்கள் வாசல்வரை கூட்டிவந்தும் அவர் உள்ளே போகவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது, புள்ளிவிவரங்கள். ஒரு மரணத்தை எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு அதிகாரி, ஒரு மருத்துவர், ஒரு குடும்பம். அவமானத்துக்குப் பயந்து மறைக்கும் கத்தோலிக்க ஊர்களில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்திருக்கலாம். ஒரு மாகாணத்தின் மொத்த விகிதத்திலிருந்து தனி ஆட்களைப் பற்றி முடிவுக்கு வருவதிலும் ஓட்டை உண்டு. அவருடைய வழியிலேயே வந்த ஹால்ப்வாக்ஸ் 1930இல் இந்த ஆய்வை மறுபடி செய்து பலவற்றைத் திருத்தினார்.

ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே இல்லை. அருண்டா மக்களை மனித மதத்தின் தொடக்கநிலை என்று எடுத்துக்கொண்டதை இன்று யாரும் ஏற்பதில்லை. நம்மைப்போலவே நீண்ட வரலாறு உள்ள மக்கள் அவர்கள்.

தமிழர்களோடு துர்கைமின் மரபுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. மோஸிடம் பாடம் கேட்டவர் பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன். அவர் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1957இல் பெரிய நூலாக வெளியிட்டார். அவருடைய பிற்காலச் சாதிக் கோட்பாட்டில் தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலையைப் பார்க்கும்போது, துர்கைமின் புனிதம், சாதாரணம் என்ற பிரிப்பு பின்னால் தெரியும். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் குடகர்களைப் பற்றி எழுதிய 1952ஆம் வருட ஆய்வுக்கும், ஆக்ஸ்ஃபோர்டில் மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் வழியாகத் துர்கைமின் சிந்தனை வந்து சேர்ந்தது.

என்னை அதிகம் தொட்டவர் இலங்கைத் தமிழரான மானுடவியலாளர் ஸ்டான்லி தம்பையா. தெற்காசிய இனக் கலவரங்களைப் பற்றிய அவருடைய 1996ஆம் வருட நூலில் கூட்டுக் கொந்தளிப்பு மறுபடி வருகிறது. கூட்டம் சேர்வது மனிதரைத் தன்னைவிடப் பெரியதாக உணர வைக்கும் என்று துர்கைம் எழுதினார். அதே கூட்டம் பக்கத்து வீட்டைக் கொளுத்தவும் போகும் என்பதைத் தம்பையா தன் சொந்த நாட்டில் கண்டவர்.

எந்த நூலில் தொடங்கலாம்?

பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று ‘விதிகள்’ நூலில் தொடங்காதீர்கள்; சின்னதுதான், ஆனால் வறட்சியானது. 1898ஆம் வருடத் திரைஃபஸ் கட்டுரை சில பக்கங்கள்தான், ஒரே உட்காரலில் முடியும். அடுத்து ‘அடிப்படை வடிவங்கள்’ நூலின் இரண்டாம் பகுதி, ஏழாவது அத்தியாயம். பிறகு ‘தற்கொலை’. அதில் அட்டவணைகள் வரும்போது அவசரப்பட்டுத் தாண்டிவிடாமல், ஒரு அட்டவணையையாவது விரலை வைத்து வரி வரியாகப் படியுங்கள். மோஸ் எண்ணியது அங்கேதான் இருக்கிறது.